கழுத்துக்குள் ஒரு பெக்டரி: தைரொயிட் நோயும் நம் சாப்பாடும்

(ஹெந்தளையில் நடைபெற்ற எமது சங்க உறுப்பினர் குடும்பங்களின் ஞாயிறு ஒன்றுகூடலில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சம்பளம், வீடு, காணி என்று பேசுவதுதான் நம்முடைய கூட்டங்களின் வழக்கம். இன்றைக்கு என்னை ஒரு நோயைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மாதர் அணியில் பல பேர் ஒரே மாதிரித் துண்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். கிளினிக்கில் கொடுத்த இரத்தப் பரிசோதனைத் துண்டு. அதில் டி.எஸ்.எச். என்று எழுதி, பக்கத்தில் ஓர் எண் இருக்கிறது. கையில் ஒரு சின்ன மாத்திரைப் பை. அதோடு போனில் பத்து வீடியோ. கோதுமை மாவை நிறுத்து, பாலை நிறுத்து, கோவாவைத் தொடாதே, மூன்று மாதத்தில் மாத்திரையே வேண்டாம் என்று அந்த வீடியோக்கள் சொல்கின்றன. "மிஸ், எதைத்தான் நம்புறது?" என்று கேட்டார்கள். அதற்குத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியர் இல்லை. தோட்டத்துப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். இன்று பேசப்போவது பொதுவான விளக்கம். உங்களுக்கு எத்தனை மாத்திரை, எப்போது அடுத்த பரிசோதனை என்பதை உங்கள் கிளினிக் வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

ஒரே கழுத்தில் இரண்டு வேறு நோய்கள்

நம் கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைரொயிட். நமக்குப் பழகிய பாஷையில் சொன்னால் அது ஒரு பெக்டரி. பெக்டரிக்குக் கொழுந்து வர வேண்டும். இந்தப் பெக்டரிக்குக் கொழுந்து என்பது அயடீன். அது நாம் சாப்பிடும் உப்பிலும் மீனிலும் முட்டையிலும் பாலிலும் இருந்து வருகிறது. அந்த அயடீனை வைத்து இந்தச் சுரப்பி தைரொக்சின் என்ற ஓமோனைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. உடம்பின் சூடு, இதயத் துடிப்பு, குடல் அசைவு, மாதவிடாய், மூளையின் சுறுசுறுப்பு, வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

மூளைக்கு அடியில் ஒரு தலைமைக் காரியாலயம் இருக்கிறது. பெக்டரியில் உற்பத்தி குறைந்தால் அங்கிருந்து "இன்னும் அனுப்பு, இன்னும் அனுப்பு" என்று கடிதம் வரும். அந்தக் கடிதம்தான் டி.எஸ்.எச். அதனால்தான் உற்பத்தி குறையக் குறைய உங்கள் துண்டிலுள்ள எண் கூடிக்கொண்டே போகிறது. எண் கூடினால் சுரப்பி நன்றாக வேலை செய்கிறது என்று சில பேர் நினைக்கிறார்கள். விஷயம் நேர்மாறானது.

உற்பத்தி குறைவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கொழுந்து வரவில்லை. அதாவது அயடீன் பற்றாக்குறை. காரியாலயத்தின் தொல்லை தாங்காமல் பெக்டரி தன்னைப் பெருப்பித்துக்கொள்ளும், கழுத்து வீங்கும். அதைத்தான் கண்டக்கழலை என்கிறோம். நம் பாட்டிமாரில் பல பேருக்கு இருந்தது இது.

இரண்டாவது காரணம் வேறு. கொழுந்து வருகிறது, மெஷினும் இருக்கிறது. ஆனால் தோட்டத்துக் காவல்காரனே பெக்டரிக்குள் புகுந்து மெஷினை உடைக்கிறான். நம் இரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் காவல் படை இருக்கிறது. அது சில பேருக்கு, சொந்த உடம்பின் உறுப்பையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது. அப்போது உண்டாகும் பிறபொருளெதிரிகளை இரத்தத்தில் பரிசோதித்துக் கண்டுபிடிக்கலாம். 1912ஆம் ஆண்டு ஜப்பானில் ஹஷிமோட்டோ என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் நான்கு பெண்களின் சுரப்பியை ஆராய்ந்து இந்த நோயை முதலில் விவரித்து எழுதினார். அதனால் ஹஷிமோட்டோ நோய் என்றே பெயர். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்புக் கூடுகிறது. யார் செய்த பாவமும் இல்லை, யாருடைய கண்ணேறும் இல்லை.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. முதல் நோய்க்குச் சாப்பாடே மருந்து. இரண்டாவது நோயில் சாப்பாடு உதவிக்கு நிற்கும்; மருந்தின் வேலையை அது செய்யாது.

உப்பு நமக்குச் செய்த காரியம்

இலங்கையின் ஈர வலயத்தில் காலங்காலமாகப் பெய்யும் மழை, மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. அந்த மண்ணில் விளையும் மரக்கறியிலும் அது குறைவு. 1986, 87ஆம் ஆண்டுகளில் 17 மாவட்டங்களில் 59,000க்கு மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்தைப் பரிசோதித்தார்கள். 100க்கு ஏறக்குறைய 19 பிள்ளைகளுக்குக் கழலை இருந்தது. ஆகக் குறைவு மாத்தளையில், 100க்கு ஆறு ஏழு பேர். ஆகக் கூடுதல் களுத்துறையில், 100க்கு 30 பேர். களுத்துறை கடலோரத்தில் இருக்கிற மாவட்டம். கடல் பக்கத்தில் இருக்கிறோம், நமக்கு அயடீன் தானாக வந்துவிடும் என்று இந்த ஹெந்தளையில் இருக்கிறவர்களும் நினைக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு உப்பில் அயடீன் கலந்தே விற்க வேண்டும் என்ற விதி 1993இல் வந்து, 1995 முதல் நடைமுறையானது. 2005இல் அளவைத் திருத்தி, ஒரு கிலோ உப்பில் 15 முதல் 30 மில்லிகிராம் அயடீன் என்று ஆக்கினார்கள். கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இடைக்கிடை நாடு முழுதும் பிள்ளைகளைப் பரிசோதித்து வந்தது. கழலை 100க்கு ஐந்துக்கும் கீழே இறங்கியது. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயடீன் 150 மைக்ரோகிராம். ஆயுள் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. அந்தத் துளியை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது சட்டம். தனித்தனி ஆளின் கெட்டித்தனத்தால் இது நடக்கவில்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. உப்புச் சட்டம் வந்து சில வருடங்களில், 11 முதல் 16 வயது வரையான நம் நாட்டு மாணவிகளின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். 2000ஆம் ஆண்டில் அந்த முடிவு வெளியானது. அயடீன் போதுமான அளவுக்கு வந்திருந்தது. ஆனால் தைரொயிட்டுக்கு எதிரான ஒருவகைப் பிறபொருளெதிரி எதிர்பார்த்ததைவிட நிறையப் பிள்ளைகளிடம் இருந்தது. நீண்ட காலம் அயடீன் இல்லாமல் இருந்த ஊருக்கு அது திடீரென வரும்போது, அந்தக் காவல்காரன் விழித்துக்கொள்வது உண்டு என்று வேறு நாடுகளிலும் கண்டிருக்கிறார்கள். சில வருடங்கள் கழித்துத் திரும்பப் பார்த்தபோது இங்கே அந்த அளவு இறங்கியிருந்தது. பிறபொருளெதிரி இருந்த எல்லாப் பிள்ளைகளும் நோயாளி ஆகவும் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் உப்புதான் விஷம், நிறுத்துவோம்" என்று யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. அயடீன் உப்பை நிறுத்தினால் நம் பிள்ளைகள் மறுபடியும் 1986க்குப் போவார்கள். விளங்கிக்கொள்ள வேண்டியது அளவு. குறைந்தாலும் கெடுதல், மிதமிஞ்சினாலும் கெடுதல்.

வீடியோ சொல்வதும் உடம்பில் நடப்பதும்

எங்கள் டிவிசனில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கொழுந்து எடுக்கிற ஓர் அக்கா. நாற்பதைத் தாண்டியவர். காலையில் எழும்ப முடியவில்லை, கை கால் வீக்கம், மலச்சிக்கல், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, குரல் கரகரக்கிறது, எல்லோருக்கும் வேர்க்கும்போது அவருக்கு மட்டும் குளிர். கிலோ குறைந்தது. மலையில் வைத்தே "சோம்பேறி" என்று பேச்சு வாங்கினார். எத்தனையோ நாள் அரைப்பேர்தான் விழுந்தது. கடைசியில் கிளினிக்குக்குப் போய், ஹஷிமோட்டோ நோய் என்று தெரிந்து, மாத்திரை தொடங்கி, மெல்ல மெல்லத் தேறினார்.

அப்போதுதான் அவருக்கு வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அதைப் பார்த்து ரொட்டியை நிறுத்தினார். பாலை நிறுத்தினார். டவுனில் வாங்கிய ஏதோ மாப் பைக்கட்டுக்கும் பொடிக்கும் புருசனின் நகைக்கடன் போனது. மாத்திரையையும் நிறுத்தினார். முதல் இரண்டு வாரம் ஒன்றும் செய்யவில்லை. "பார்த்தீங்களா, சாப்பாட்டிலேயே சுகமாயிருச்சு" என்று பக்கத்து லயத்துக்கும் சொன்னார். மூன்றாம் மாதம் முகம் வீங்கிப் படுத்துவிட்டார். திரும்ப மாத்திரை தொடங்கி, பழைய நிலைக்கு வர மாதக் கணக்கு ஆனது. அத்தனை மாதச் சம்பளமும் போனது.

அந்த இரண்டு வாரம் ஏன் ஒன்றும் செய்யவில்லை? தைரொக்சின் உடம்பில் மெதுவாகத்தான் குறையும். நிறுத்தி ஒரு கிழமைக்குப் பிறகும் பாதி இருக்கும். இரண்டாம் கிழமை முடிவில் கால்வாசி. பழைய சேமிப்பில் உடம்பு ஓடுகிறது. நாம் அதைப் புதுச் சாப்பாட்டின் சக்தி என்று நினைக்கிறோம். வீடியோவில் பேசுகிறவர் பொய்யே சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டாலும், அவரும் இதிலேயே ஏமாந்திருக்கலாம்.

கோதுமையை எடுத்துக்கொள்வோம். சீலியாக் என்றொரு நோய் உண்டு. அதில் கோதுமையின் பசைப் புரதம் குடலைப் புண்ணாக்கும். ஹஷிமோட்டோ உள்ளவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு அதுவும் சேர்ந்து இருக்கலாம். தொடர்ந்து வயிற்றோட்டம், காரணம் தெரியாத இரத்தச்சோகை, எத்தனை மாத்திரை கூட்டியும் டி.எஸ்.எச். இறங்காமை இருந்தால் வைத்தியரிடம் அதற்கான பரிசோதனையைக் கேளுங்கள். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தினால் முடிவு சரியாக வராது. அந்த நோய் இல்லாதவர்கள் ரொட்டியை நிறுத்துவதால் தைரொயிட் சுகமாகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மலையில் ரொட்டிதான் நம் காலைச் சாப்பாடு, பல பேருக்கு இரவுச் சாப்பாடும் அதுதான். அதைப் பிடுங்கிவிட்டு என்ன கொடுக்கப்போகிறார்கள்? ரொட்டியோடு ஒரு முட்டை, பருப்பு, கீரை, கருவாடு சேர்ப்பது எப்படி என்று யோசிப்பதுதான் நமக்குப் பிரயோசனம்.

பாலும் அப்படியே. குடித்தால் வயிறு பொருமுகிறவர்கள் மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

கோவா, மரவள்ளி, சோயா

கோவா, நோக்கோல், ராபு, கோலிபிளவர் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் தைரொயிட் அயடீனை எடுப்பதைத் தடுக்கும் ஒரு சத்து இருப்பது உண்மை. ஆனால் அது பெரிய அளவில், பச்சையாக, அயடீன் இல்லாமல் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் பிரச்சினை. அவித்தால் அதில் பெரும் பகுதி அடங்கிவிடும். அயடீன் உப்புப் போட்டுச் சமைத்த கோவாக் கறியும் ராபுச் சொதியும் யாருக்கும் கெடுதல் இல்லை. நுவரெலியாவில் நம் ஆட்களே தோட்டம் போட்டுப் பயிரிடுகிற மரக்கறியைப் பார்த்து நாமே பயப்பட வேண்டாம். கோவாவைப் பச்சையாக அரைத்துத் தினமும் டம்ளர் கணக்கில் குடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

மரவள்ளிக்கிழங்கைத் தோல் உரித்து, துண்டாக்கி, மூடி போடாமல் நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நம் பெரியவர்கள் செய்த முறைதான். கசக்கிற கிழங்கை வீசிவிடுங்கள். வாரத்தில் ஒருநாள் இருநாள் இப்படிச் சாப்பிடுவதில் பயமில்லை.

சோயா மீட் லயத்துச் சமையலில் இறைச்சிக்குப் பதில் நிற்பது. புரதம் உண்டு, விலையும் தாங்கும். சாப்பிடலாம். ஆனால் சோயா, குடித்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அதனால் மாத்திரை குடித்த சூட்டோடு சோயாச் சாப்பாடு வேண்டாம். திரிபோஷாவிலும் சோயா இருக்கிறது. கர்ப்பிணித் தாய்மார் அதை நிறுத்தாமல், பகலிலோ பின்னேரத்திலோ சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடற்பாசி மாத்திரை, அயடீன் சொட்டு மருந்து என்று விற்கிறார்கள். ஹஷிமோட்டோ உள்ளவர்கள் இவற்றைத் தொடவே வேண்டாம். மெஷின் உடைந்து கிடக்கிற பெக்டரியில் இன்னும் பத்து லொறி கொழுந்தைக் கொட்டினால் என்னாகும்? தூள் கூடாது, கொழுந்து அழுகும். அளவுக்கு மிஞ்சிய அயடீன் பலவீனமான சுரப்பியை இன்னும் மந்தமாக்கும். செலினியம் மாத்திரை பற்றியும் கேட்டீர்கள். சில ஆய்வுகளில் அது பிறபொருளெதிரியின் அளவைக் குறைத்திருக்கிறது. ஆனால் ஆள் சுகமடைகிறார் என்று அதனால் நிலைநாட்ட முடியவில்லை. மீனிலும் முட்டையிலும் அது இருக்கிறது. கடன்பட்டு வாங்கும் பொருள் அல்ல.

நாட்டு வைத்தியரிடம் மருந்து எடுக்கிறவர்களும் இருக்கிறீர்கள். அதை ஒளிக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். அதற்காகத் தைரொக்சினை நிறுத்த வேண்டாம்.

தேத்தண்ணியும் மாத்திரையும்

சாப்பாட்டால் இந்த நோயில் உண்மையிலேயே பெரிய வித்தியாசம் வருகிற இடம் எதுவென்றால், எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் விடுகிற நேரம்தான். தைரொக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போக வேண்டும். அதன்பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை சாப்பாடும் வேண்டாம், தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். அவை மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கின்றன.

நாம் தேயிலையில் பிறந்து தேயிலையில் வளர்ந்தவர்கள். கண் முழித்ததும் சாயத்தண்ணி. பல பேர் மாத்திரையையே அந்தச் சாயத்தண்ணியில்தான் விழுங்குகிறோம். பிறகு கிளினிக்கில், "ஒழுங்காக மாத்திரை எடுக்கிறீங்களா?" என்று கேட்டால், "ஆமா" என்கிறோம். பொய் இல்லை. ஆனாலும் டி.எஸ்.எச். இறங்கவில்லை. வைத்தியர் அளவைக் கூட்டுகிறார்.

இதற்கு ஒரு வழி. இரவில் படுக்கும்போது தலைமாட்டில் மாத்திரையையும் ஒரு போத்தல் தண்ணீரையும் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை கண் முழித்த உடனே, பாயில் இருந்தபடியே விழுங்குங்கள். பிறகு தண்ணி பிடித்து, அடுப்பு மூட்டி, மாப் பிசைந்து, பிள்ளைகளை எழுப்புவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். அப்புறம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பிரட்டுக்குப் போகலாம். கார்மெண்டில் நைட் ஷிப்ட் செய்கிற தங்கைமாருக்குக் காலை வசதிப்படாது. இராச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். எந்த நேரமானாலும், தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இன்னொன்று இரும்புச்சத்து மாத்திரை. நம் பெண்களில் நிறையப் பேருக்கு இரத்தச்சோகை. கர்ப்பிணிகளுக்கு மிட்வைஃப் மிஸ் இரும்பும் கல்சியமும் தருகிறார். இவை இரண்டும் தைரொக்சினைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஆகக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைரொக்சின் விடியற்காலை, கல்சியம் பகல் சாப்பாட்டோடு, இரும்பு இரவில் என்று பிரித்துக்கொண்டால் ஒன்றும் வீணாகாது. எல்லாவற்றையும் உள்ளங்கையில் போட்டு ஒரேயடியாக விழுங்குகிற பழக்கத்தை இன்றோடு விடுவோம்.

இரத்தச்சோகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தைரொயிட் பெக்டரியின் முக்கியமான மெஷினுக்கே இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் அயடீன் இருந்தும் உற்பத்தி சரிவராது. களைப்பும் இரண்டு நோய்க்கும் ஒன்றே. தைரொயிட் மாத்திரை குடித்தும் களைப்புப் போகவில்லை என்றால் இரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கீரை, கடலை, பயறு, நெத்தலி, கருவாடு, கிடைக்கும்போது ஈரல் சாப்பிடுங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடித்தால் அதே இரும்பு வீணாகும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

மாத்திரையை அடுப்புக்கு மேலேயும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் வெளிச்சமும் அதற்கு ஆகாது. உப்புக்கும் அதே கதைதான். பைக்கட்டில் அயடீன் கலந்தது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூடியுள்ள போத்தலில் போட்டு அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். கல் உப்பைக் கழுவினால் அயடீனும் தண்ணீரோடு போய்விடும். கறி இறக்குகிற நேரத்தில் உப்புப் போடுவது நல்லது. அயடீன் வேண்டும் என்று உப்பைக் கூட்டவும் வேண்டாம். பெரியவர் ஒருவருக்கு எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் பிரஷர் வந்து நிற்கும்.

பிள்ளை உண்டானால்

தைரொயிட் மாத்திரை குடிக்கிற பெண் பிள்ளை உண்டானால், அன்றைக்கே மிட்வைஃப் மிஸ்ஸிடமும் கிளினிக்கிலும் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதம் வயிற்றுப் பிள்ளையின் மூளை அம்மாவின் தைரொக்சினில்தான் வளர்கிறது. பெரும்பாலும் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வரும். அயடீன் தேவையும் 150இலிருந்து 250 மைக்ரோகிராமுக்கு ஏறும். "வயித்தில பிள்ளை இருக்கு, மாத்திரை கூடாது" என்று மாமியாரோ அம்மாவோ நிறுத்தச் சொன்னால் அவர்களையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பிறந்த பிள்ளையின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுப்பது பிள்ளைக்கு இதே சுரப்பி வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். தடுக்காதீர்கள்.

பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் புதிதாகத் தைரொயிட் கோளாறு வருவதும் உண்டு. அதில் சில பேருக்குத் தானாகவே சரியாகிவிடும். சில பேருக்குப் பிறபொருளெதிரி இருந்தும் மாத்திரை தேவைப்படாது, பரிசோதனை மட்டும் போதும். எனவே பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிக் குடிக்கவும் கூடாது, அவருக்கு நிறுத்தினார்கள் என்று நாம் நிறுத்தவும் கூடாது. மாத்திரை அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் இரத்தத்தில் சரியாகத் தெரியும். அதுவரை பொறுமை வேண்டும்.

ஆசிரியை என்ற முறையில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நன்றாகப் படித்த பெண்பிள்ளை பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் வகுப்பில் தூங்கி விழுகிறாள், உயரம் நின்றுவிட்டது, கழுத்து முன்பக்கம் தடித்திருக்கிறது என்றால், போனைப் பார்த்துக் கெட்டுப்போனாள் என்று அடிக்காதீர்கள். கண்ணாடி முன்னால் நிறுத்தி ஒரு மிடறு தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். கழுத்தில் கட்டி மேலேறி இறங்குவது தெரிந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

நாம் கூடியிருக்கிற இந்த ஹெந்தளையில்தான் 1708இல் ஒல்லாந்தர் தொழுநோய் ஆஸ்பத்திரியைக் கட்டினார்கள். நோய் வந்தவரை ஊரைவிட்டு ஒதுக்கிவைத்த காலம் அது. இன்று அந்த நோய்க்கு மாத்திரை இருக்கிறது, சுகமாகிறது. ஆனாலும் நோயை மறைக்கிற பழக்கம் நம்மிடம் போகவில்லை. கல்யாணம் பேசுகிற பிள்ளைக்குத் தைரொயிட் என்றால் மாத்திரையை ஒளித்துவைக்கிறோம். தினம் ஒரு மாத்திரை குடித்து, டி.எஸ்.எச். சரியான அளவில் இருக்கிற பெண் வேலை செய்வாள், படிப்பாள், பிள்ளை பெறுவாள். மறைப்பதில்தான் ஆபத்து.

சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேசினேன். ஆனால் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்ற நிலை இருக்கும்வரை, எந்த ஆலோசனையும் பாதிதான் பலிக்கும். மாத்திரை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். அதை வாங்கப் போகிற நாளுக்கு விலை கொடுக்கிறோம். பஸ் காசு, ஒருநாள் சம்பளம், வரிசையில் நின்ற பிறகு "இரத்தம் வெளியே பார்த்து வாங்க" என்ற வார்த்தை. இதனால்தான் பல பேர் இரண்டாவது மாதமே நின்றுவிடுகிறார்கள். வீடியோ அந்த இடத்தில்தான் நுழைகிறது.

ஆகவே சங்கத்தின் முன் நான் நான்கு விஷயங்களை வைக்கிறேன். ஒன்று, கிளினிக் துண்டு காட்டுகிற தொழிலாளிக்கு அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது என்பதைத் தோட்டக் கமிட்டிகள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டு, புதிதாக மாத்திரை தொடங்கியவருக்கு வைத்தியர் துண்டு கொடுத்தால், தேறும்வரை கிலோக் கணக்குப் பார்க்காத இலகு வேலை. மூன்று, எம்.ஓ.எச். அலுவலகத்தோடு பேசி, தோட்ட மருந்தகத்தில் மாதம் ஒருநாள் இரத்தம் எடுத்து அனுப்புகிற ஒழுங்கு. நூறு பேர் டவுனுக்குப் போவதைவிட நூறு குப்பி போவது சுலபம். நான்கு, தோட்டத்துக் கூட்டுறவுக் கடையிலும் லயத்துக் கடைகளிலும் விற்கிற உப்பை பி.எச்.ஐ. ஐயாவைக்கொண்டு பரிசோதிப்பது.

கொழும்பில் இருக்கிற தம்பி தங்கைமார் செய்யக்கூடிய வேலையும் உண்டு. ஊருக்கு வீடியோ அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் நீங்கள்தான். அன்பில்தான் அனுப்புகிறீர்கள். இனி அதற்குப் பதிலாக, அம்மாவுக்கு விடியற்காலை ஒரு கோல் எடுத்து, "மாத்திரை குடிச்சிட்டீங்களா? தேத்தண்ணி இன்னும் குடிக்கலையே?" என்று கேளுங்கள். அடுத்த கிளினிக் திகதியைப் போனில் குறித்துவையுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது மாத்திரை குடிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் உங்கள் கிளினிக் துண்டுகளை, பழையது புதியது எல்லாவற்றையும், ஒரு கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள். கிளினிக்குக்குப் போன நாட்களில் வெட்டப்பட்ட பேர் எத்தனை என்பதையும் செக்ரோலைப் பார்த்து எழுதி வாருங்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் முதல் கோரிக்கையைப் பேசப்போகிறோம்.